மூட முடியாத யூனிட்

மே மாதக் கடைசியில் நெய்வேலி அனல்மின் நிலையத்தின் பழைய யூனிட் ஒன்றை நிரந்தரமாக நிறுத்துவதாக முடிவாகியிருந்தது. அது பழுப்புக் கரியை அதிகம் தின்றது; புகையும் அதிகம். பொத்தானை அழுத்த வேண்டியவள் ஷிப்ட் இன்ஜினியர் அகிலா. அவளுக்கு அதில் வருத்தமில்லை. மகளுக்கு மூச்சிரைப்பு வந்ததிலிருந்து, குவார்ட்டர்ஸ் ஜன்னலில் படியும் சாம்பலைத் துடைக்கும்போதெல்லாம் இந்த யூனிட்டைத்தான் திட்டுவாள்.

மதியம் கற்பூரம் காட்டி, எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள். கரி கொண்டுவரும் பெல்ட் நின்றது. தொட்டியில் மிச்சமிருக்கும் கரி எரிந்து தீர்ந்ததும் யூனிட்டை நிறுத்த வேண்டியதுதான். பெல்ட்டில் வேலை பார்த்த கான்ட்ராக்ட் ஆட்களின் கேட் பாஸை ஷிப்ட் முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அவர்களில் பன்னீர்செல்வமும் ஒருவர். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம். "வரேங்க மேடம்" என்று சொல்லிவிட்டுக் கேசரியை வாங்காமலே போனார்.

சாயங்காலம் சென்னையிலிருந்து போன் வந்தது. மாநிலத்துக்கு மின்சாரத்தைப் பங்கிடும் அலுவலகம்.

"யூனிட்ட நிறுத்தாதீங்க மேடம். வேற இடத்துல ஒரு பெரிய யூனிட் நின்னுடுச்சு. பொழுது சாயுது, இனி சோலார் இல்ல. காத்தும் இல்ல, காத்தாலை சுத்தல. எல்லா வீட்லயும் ஏசி ஓடுது."

"தொட்டியில கரி தீரப்போகுதே சார்."

"எப்படியாவது ஓட்டுங்க. இல்லன்னா ஊர் ஊரா கரண்ட் கட் பண்ணணும்."

அகிலா உற்பத்தியைக் குறைத்து, இருந்த கரியை மெல்ல எரியவிட்டாள். பிறகு பன்னீர்செல்வத்தைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"பஸ்ஸுல போய்க்கினு இருக்கேங்க. குள்ளஞ்சாவடி வந்துடுச்சு."

"பெல்ட்ட மறுபடி ஓட்டணும். வர முடியுமா?"

பஸ்ஸின் இரைச்சலுக்கு மேல் அவர் குரலை உயர்த்தினார்.

"வேல இல்லன்னு அனுப்பிட்டு இப்ப வான்றீங்க. பாஸும் இல்ல. கேட்டுல வுடுவாங்களா?"

"நான் கேட்ல நிக்கிறேண்ணே."

கன்ட்ரோல் ரூமை உடன் வேலை பார்க்கும் வெங்கடேஷிடம் ஒப்படைத்துவிட்டு, சொன்னபடியே போய் நின்றாள். பன்னீர்செல்வம் இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். பெல்ட் ஓடியது. ஈரக்கரி தொட்டியின் வாயில் அடைத்துக்கொண்டது. கம்பியால் மாறி மாறிக் குத்தி இறக்கினார்கள். உற்பத்தி மளமளவென்று ஏறியபோது அகிலாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் அவளுக்கே கூச்சமாகவும் இருந்தது.

வேர்வையும் கரியுமாக வந்து நின்றார் பன்னீர்செல்வம்.

"எத்தினி நாளைக்குங்க இது?"

"காத்து வர்ற வரைக்கும்னு சொல்றாங்க."

"அப்ப பாஸக் குடுத்துடுங்க. தெனமும் நீங்க வந்து கேட்டுல நிக்க முடியுமா?"

அவள் ஆபீஸுக்கு நடந்து, நால்வர் பாஸையும் கையோடு வாங்கி வந்து கொடுத்தாள்.

ஜூன் பாதியில் தெற்கே காற்று எழும்பி, காற்றாலைகள் சுழலத் தொடங்கின. ஒரு சாதாரண நாளில் யூனிட்டை நிறுத்தினார்கள். அதற்குள் அகிலா சொல்லிவைத்ததில், பன்னீர்செல்வத்துக்குப் புது அனல்மின் நிலையத்தின் பெல்ட்டில் வேலை கிடைத்திருந்தது. அங்கே எரிவதும் அதே பழுப்புக் கரிதான். அவருக்கு அங்கேயும் கான்ட்ராக்ட்தான்.