கரண்டி படாத சாதம்

மருந்துக்கடையில் மாத்திரையை எண்ணி எண்ணிக் கொடுப்பவளுக்கு அடுப்படியில் மட்டும் அளவு தெரியாது. மகள் கல்யாணமாகிப் போன பிறகும் கை பழைய கணக்கிலேயே அரிசியை அள்ளியது. குடியிருப்புக்காரர்களுக்கென்று ஒரு ஆப் இருந்தது. அதில், ‘சாப்பாடு மிச்சம் இருக்கிறது, வேண்டியவர்கள் வரலாம்’ என்று போட்டாள். வந்தவர் மேல்மாடி லிஃப்ட்காரர்.

ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்த்த மனிதர். முழங்கால் போனதும் வேலையும் போனது. ரோஷம் மட்டும் போகவில்லை. “வீணாப் போகக் கூடாதேன்னுதான் வாங்கிக்கிறேன்” என்று ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் டப்பாவை நீட்டுவார். வாசலில் நின்றபடியே நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார். நாள் முழுக்க ‘சாப்பாட்டுக்கு முன்னாடி, சாப்பாட்டுக்குப் பின்னாடி’ என்றே பேசிக் களைத்தவளுக்கு அந்த நாலு வார்த்தை தேனாக இனித்தது.

கொஞ்ச நாளில் பாழாய்ப்போன அளவு பிடிபட்டுவிட்டது. சாதம் மிஞ்சவில்லை. அன்று ஆப்பில் எதுவும் போடவில்லை, வாசல் மணியும் அடிக்கவில்லை. மறுநாளிலிருந்து மிச்சத்தை மட்டுமே ஆக்கத் தொடங்கினாள்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் மகளிடமிருந்து போன் வர, “நீங்களே போட்டுக்கோங்கண்ணே” என்று சட்டியை அவரிடமே கொடுத்துவிட்டாள். பேசிவிட்டு வந்தால், மனிதர் மூடியைக் கையில் பிடித்தபடி நிற்கிறார்.

“ஏம்மா, இது மிச்சமா?”

“ஆமாண்ணே.”

“கரண்டி பட்ட தடமே இல்லையே. எனக்குன்னு ஆக்கினதா?”

பொய் சொல்லத் தெரிந்தவள் ஒரு கரண்டி எடுத்துவிட்டல்லவா வைத்திருப்பாள்!

“தர்மச் சோறு சாப்பிடுற நிலைமைக்கு நான் இன்னும் வரலைம்மா.” காலி டப்பாவை மூடிக்கொண்டு திரும்பினார்.

இவர் போனால் இந்த வாசலில் மணி அடிக்க வேறு ஆளில்லை.

“தர்மமாவது மண்ணாங்கட்டியாவது!” என்று கத்தியே விட்டாள். “நீங்க வரலைன்னா நான் அடுப்பே பத்த வைக்க மாட்டேன். எனக்கு மட்டும்னு ஆக்கவே மனசு வரலை. நீங்க வாங்கிட்டுப் போனதும் ஒரு டம்ளர் பாலைக் குடிச்சுட்டுப் படுத்துடுவேன்.”

லிஃப்ட்காரர் நின்றார். “அப்ப நீ சாப்பிடுறதே இல்லையா?”

எத்தனை நாளாயிற்று, இதை ஒருவர் கேட்டு! அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் தடவையாக வீட்டுக்குள் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். “தட்டை எடு. முதல்ல நீ சாப்பிடு. மிஞ்சினா நான் எடுத்துட்டுப் போறேன்.”

அவரே பரிமாறினார். முதல் கவளத்தை வாயில் வைத்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் தெரியவில்லை. அத்தனை நாள் பசியும் சேர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் போடப் போட உள்ளே போயிற்று. அவள் நிமிர்ந்தபோது சட்டியின் அடி தெரிந்தது.

“ஐயையோ! அண்ணே, உங்களுக்கு?”

சட்டிக்குள் எட்டிப் பார்த்தவர் இருமல் வரும்வரை சிரித்தார். “போச்சு போ! நல்லா மிச்சம் வச்சே!”

அவள் பதறி எழப் போனாள். “நீ உட்காரு” என்று அதட்டிவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி அடுப்படிக்குள் போனார். “முட்டை இருக்கா? உப்பை எங்க வச்சிருக்கே?”

எச்சில் கையாலேயே அலமாரியைக் காட்டினாள். அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. அவள் கை கழுவக்கூடப் போகாமல், “எனக்கும் ஒண்ணு போடுங்கண்ணே” என்றாள்.