கப்பல் பூ

ஐஸ் பெட்டி கொண்டுவந்த ஆள் பிளக் பாயிண்ட் எங்கே என்று கேட்டபோதுதான் லோகநாயகிக்குப் பூவின் நினைப்பு வந்தது.

கணவர் சம்பந்தம் செத்து இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. விடியற்காலை ஐந்தரைக்குத் தண்ணீர் கேட்டார். சொம்பை எடுத்துக்கொண்டு வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. அறுபத்து மூன்று வருஷத்தில் எதிலும் அவசரப்படாத மனுஷன், இதில் மட்டும் அப்படி ஒரு அவசரம்.

"டிவி பின்னாடி கீது பாருப்பா," என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தாள். தூறல் விடுவதாக இல்லை. தெருக்கோடியில் சங்கத்துக் கொட்டகையின் புகைபோக்கி மழையில் நனைந்துகொண்டு சும்மா நின்றது. தினமும் ஆறு மணிக்கு அங்கே அடுப்பு மூட்டுகிறவர்தான் உள்ளே படுத்திருந்தார். நேற்று பறித்து, கொட்டை நீக்கிய ஆயிரத்து நூறு கிலோ பூ கொட்டகைக்குள் ஈரமாகக் குவிந்து கிடந்தது. மத்தியானத்துக்குள் சூடு காட்டவில்லை என்றால் அது பூஞ்சை பிடித்துக் குப்பைக்குத்தான் போகும்.

பூ என்றால் தலையில் வைக்கிற பூ அல்ல. புளிச்சைச் செடியின் தடித்த சிவப்பு இதழ். காயவைத்து வெந்நீரில் போட்டால் தண்ணீர் செக்கச்செவேல் என்று புளிக்கும், வெல்லம் சேர்த்துக் குடிக்கலாம். ரங்கூனிலிருந்து கப்பலில் திரும்பிவந்த நாற்பத்தொரு குடும்பங்கள் நெமிலிச்சேரி ஏரியோரம் கிடைத்த நிலத்தில் அதை விதைத்து, கூட்டுறவுப் பண்ணைச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தன. ஊர்க்காரர்கள் அதற்குக் கப்பல் பூ என்று பெயர் வைத்தார்கள். கேலியாக வைத்த பெயர்தான், ஒட்டிக்கொண்டது. ஐம்பது வருஷத்துக்கு மேல் மூட்டை மூட்டையாக விற்றார்கள். வாங்கியவர்கள் அவரவர் பெயரைப் போட்டு விற்றுக்கொண்டார்கள். இந்த வருஷம்தான் முதல் முறையாகச் சொந்தப் பெட்டி, அதன்மேல் கப்பல் படம், 'கப்பல் பூ' என்று கொட்டை எழுத்து. பதினெட்டுக் கடை வைத்திருக்கும் ஒருவர் பொங்கலுக்குத் தன் கடைகளில் அடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். நாளைக் காலை பத்து மணிக்கு லாரி வருகிறது.

சங்கத் தலைவர் பச்சையப்பன் மாலையோடு வந்தார். ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் மாலையை வைத்தார். அவரும் சம்பந்தமும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

"லாரிய வேணாம்னு சொல்லிட்றேன் தங்கச்சி," என்றார்.

"பூவு?"

"போனா போவட்டும். சம்பந்தத்துக்கு நிக்காத அடுப்பு வேற எவனுக்கு நிக்கும் சொல்லு?"

லோகநாயகிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இது சங்கத்தின் முதல் விதி. வரும் வழியில் கப்பலில் மூன்று பேர் செத்தார்கள், மூவரையும் கடலில் இறக்கினார்கள், கப்பல் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அந்த மூவரில் ஒருத்தி சம்பந்தத்தின் அம்மா. கரையேறிச் சங்கம் வைத்த அன்றே பெரியவர்கள் எழுதிவிட்டார்கள்: உறுப்பினர் ஒருவர் இறந்தால், உடல் வீட்டை விட்டுக் கிளம்பும் வரை அடுப்பு எரியக் கூடாது, யாரும் வேலையில் கை வைக்கக் கூடாது. கிளம்பியதும் செத்தவர் வீட்டு ஆள்தான் அடுப்பை மூட்ட வேண்டும். பத்தொன்பது பேருக்காகச் சம்பந்தம் தன் கையால் அடுப்பை அணைத்திருக்கிறார். இருபதாவதாக அவருக்கே அது நிற்காமல் போயிருந்தால் லோகநாயகி யாரையும் சும்மா விட்டிருக்க மாட்டாள்.

ஆனால் பூ போனால்? அந்தக் கப்பல் படப் பெட்டிக்காக எத்தனை கூட்டத்தில் எழுந்து கத்தினவர் அவர். 'நம்ம சரக்குக்கு நம்ம பேரு' என்று சொல்லிச் சொல்லி, அவரைக் கண்டாலே எல்லோரும் சிரிக்கும்படி ஆகியிருந்தது.

மகள் ஜோதிகா பக்கத்தில் வந்து குனிந்தாள். பூவுக்கான பெட்டி, ஆர்டர் எல்லாம் பார்த்துக்கொள்வது அவள்தான். அழுது கண் வீங்கியிருந்தது.

"கடைக்காரர் பாவம்னுதாம்மா சொல்றாரு. ஆனா நாளைக்கு சரக்கு வரலன்னா அந்த எடத்துல ஏதோ தென் அமெரிக்கா எலை வெக்கப் போறாராம். அத்த அங்க ஜனங்க டீ மாதிரி குடிக்கறாங்களாம். நமக்கு இனிமே அடுத்த வருசம்தான்."

"சரண் எப்ப வர்றான்?"

"ஃப்ளைட்டே ரெண்டரைக்குதான் எறங்குது. ஊட்டுக்கு வர நாலு ஆயிடும்."

பூனாவிலிருந்து மகன் சரண் வராமல் எடுக்க முடியாது. அவன் வந்து எடுக்கும்போது பூ செத்திருக்கும். லோகநாயகி பெட்டிக்குள் பார்த்தாள். மனுஷன் ஒன்றுமே தெரியாதது போலப் படுத்திருந்தார். எப்போதும் இப்படித்தான், சிக்கலை அவள் தலையில் போட்டுவிட்டு முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்வார். அவளுக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தில்தான் அந்த எண்ணமும் வந்தது.

"தலைவரே, விதியில இன்னா எழுதிக்கீது? அப்டியே சொல்லுங்க."

"உனக்குத் தெரியாததா? உடல் ஊட்ட உட்டுக் கெளம்பற வரைக்கும்..."

"சுடுகாடு போய்ச் சேர்ற வரைக்கும்னு எழுதலயே?"

"இல்ல..."

"அப்ப கெளப்புங்க."

பச்சையப்பனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அங்கம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. சம்பந்தத்தின் அக்கா, எழுபது வயது.

"இன்னாடி சொல்ற? புள்ள வராம பொணத்த எடுக்கறதா?"

"எரிக்கறதுக்கு இல்ல அண்ணி. கொட்டாய்க்கு. சரண் அங்க வரட்டும், அங்கேந்து எடுத்துக்கலாம்."

"ஊட்ட உட்டுப் போன பொணம் திரும்பி உள்ள வராது. தெரியுமில்ல?"

"தெரியும்."

தெரிந்துதான் சொன்னாள். இன்னும் ஏழெட்டு மணி நேரம் அவர் இந்த வீட்டில் இருந்திருப்பார். முப்பத்தெட்டு வருஷம் படுத்த இடத்தில், அவள் கண்ணெதிரே. அதைத் தன் வாயாலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அங்கம்மா எழுந்து நின்றாள். "ரூல வெச்சி வெளையாட்றியா லோகா? எங்கம்மாவ கடல்ல எறக்கனப்போ எனக்குப் பத்து வயசு. இவன் என் இடுப்புல. நான் கத்தறேன், கப்பலு அது பாட்டுக்குப் போய்கினே கீது. அதுக்குத்தான்டி இந்த விதி."

லோகநாயகி பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இவுருக்கு காலையிலேந்து அடுப்பு நின்னுகினுதான கீது அண்ணி? ஒரு ஆளு பூவத் தொடலயே," என்றாள் லோகநாயகி. "கப்பலு அவங்கள உட்டுட்டுப் போச்சு. நாம இவர உட்டுட்டா போறோம்? கூட்டிக்கினுதான போறோம்."

அங்கம்மா தம்பியின் முகத்துக்கு நேராகக் கண்ணாடியில் படிந்திருந்த நீரை முந்தானையால் துடைத்தாள். பிறகு வழியை விட்டு நகர்ந்து நின்றாள்.

எட்டுப் பேர் பெட்டியைத் தூக்கினார்கள். மேலே தார்ப்பாய் பிடித்தார்கள். அப்போதுதான் வந்து இறங்கிய மேளக்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அதுக்குள்ளயா எடுக்கறீங்க? சுடுகாடு அந்தப் பக்கமாச்சே அண்ணாத்தே?"

"அடுப்புக்குப் போறோம். நல்லா அடி," என்றார் பச்சையப்பன்.

பிணத்தோடு பெண்கள் போகிற வழக்கம் இல்லை. லோகநாயகி பெட்டிக்கு முன்னால் நடந்தாள். செருப்பில்லாத காலில் சேறு ஏறியது. திரும்பிப் பார்த்தபோது தெருவில் இருந்த அத்தனை பெண்களும் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். யார் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. மாடி ஃப்ளாட்டுகளில் புதிதாகக் குடிவந்தவர்கள் பால்கனியில் நின்று, சாவு ஊர்வலமா திருவிழாவா என்று தெரியாமல் பார்த்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மேளம் அப்படி.

கொட்டகை வாசலில், எடை போடும் இடத்தில் பெட்டியை இறக்கி மின்சாரம் கொடுத்தார்கள். லோகநாயகி பெரிய அடுப்பின் முன் குந்தினாள். முப்பத்தெட்டு வருஷமாகச் சட்டையில் புகை நாற்றம் என்று அவரைத் திட்டியவள். சவுக்குக் கட்டைகளுக்கு அடியில் காய்ந்த தென்னம்பாளையைச் சொருகித் தீக்குச்சியைக் கிழித்தாள். ஈரத்தில் அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. மூன்றாவது பிடித்துக்கொண்டது. மணி பத்தேகால்.

"பத்திக்கிச்சு!" என்று யாரோ கத்தினார்கள். மேளம் உச்சத்துக்குப் போனது. சாவு வீட்டில் கைதட்டலாமா என்று யாரும் யோசிக்கவில்லை, தட்டிவிட்டார்கள். பச்சையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார். அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

பெண்கள் கம்பித் தட்டுகளில் பூவைப் பரப்பினார்கள். ஒருத்தி ஒப்பாரி எடுத்தாள், மற்றவர்கள் கூடச் சேர்ந்துகொண்டார்கள். அழுகையும் நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை. அங்கம்மா மட்டும் பெட்டியை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு மணிக்குள் கடைசித் தட்டும் அடுப்புக்கு மேலுள்ள அடுக்கில் ஏறிவிட்டது. சூட்டில் புளிப்பு வாசனை கிளம்பித் தெருவரை போயிற்று. "ராத்திரிக்குள்ள காஞ்சிடும்மா, விடியறதுக்குள்ள பொட்டியில போட்டுடலாம்," என்றாள் ஜோதிகா. அன்றைக்கு முதல் முறையாக அவள் முகத்தில் உயிர் வந்திருந்தது.

நாலு மணிக்கு ஆட்டோவிலிருந்து சரண் பையோடு இறங்கினான். அப்பாவையும் அவருக்குப் பின்னால் எரியும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னாம்மா இது?"

"உங்க நைனா வேலைக்கு வந்துகிறாரு," என்றாள் லோகநாயகி.

அவன் சிரித்துவிட்டான். சிரிப்பு அப்படியே அழுகையாயிற்று. அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அவளும் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

வாய்க்கரிசி போட வரிசையாக வந்தார்கள். பூவில் ஊறிய கைகளை யாருக்கும் கழுவத் தோன்றவில்லை. முதல் பத்துப் பேருக்குள்ளேயே தட்டிலிருந்த அரிசி சிவந்துவிட்டது. லோகநாயகி கடைசியாக ஒரு பிடி அள்ளி, அவர் உதட்டில் வைத்தாள்.

பாடையைத் தூக்கினார்கள். பெண்கள் கொட்டகை வாசலோடு நின்றார்கள். மேளச் சத்தம் ஏரிக்கரை திரும்பித் தேய்ந்து போகும்வரை லோகநாயகி அங்கேயே நின்றாள். பிறகு புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு உள்ளே வந்து, பூ சீராகக் காய இடம் மாற்ற வேண்டிய மேல் வரிசைத் தட்டின் ஒரு முனையைப் பிடித்தாள். மறு முனையை அங்கம்மா வந்து பிடித்தாள்.

"எங்க வெக்கணும்?"

"கீழ் வரிசையில அண்ணி. பாத்து, சுடுது."

"சுட்டா சுடட்டும்," என்றாள் அங்கம்மா. "தூக்கு."