இரண்டு கரண்டிப் பாலும் நியூட்ரினோவின் எடையும்

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுங்களா, கைப்பேசியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்க. கண்ணுக்கே தெரியாத ஒரு பொடிசுக்கு எடை வந்த கதை சொல்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஹாசிமின் சாப்பாட்டுக் கடை. காலைக் கூட்டம் ஓய்ந்த நேரம். ஓரத்து மேசையில் புனிதா மடிக்கணினியை முறைத்துக்கொண்டிருந்தாள். துகள்களைக் கையால் தொடாமல் கணக்கால் மட்டுமே தேடுகிற இயற்பியல்காரி அவள். பிற்பகல் மூன்று மணிக்குப் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவள் தன் கணக்கைப் பற்றிப் பேச வேண்டும். அதைக் கேட்டுத்தான் அவளுக்கு ஆராய்ச்சி வேலை தருவதா இல்லையா என்று முடிவு செய்வார்கள்.

நியூட்ரினோ என்ற துகள் இந்த நொடியும் நம் உடம்பைத் துளைத்துக்கொண்டு கோடிகோடியாகப் போகிறது. நமக்கு ஒரு கூச்சம்கூட இல்லை. அதற்கும் துளியூண்டு எடை உண்டு. எப்படி வந்தது? யாருக்கும் தெரியாது. விண்மீன் கூட்டங்களைச் சிதறாமல் பிடித்து வைத்திருக்கிற கரும்பொருளையும் யாரும் பார்த்ததில்லை. இந்த இரண்டு புதிரும் சொந்தக்காரர்கள் என்பது புனிதாவின் கட்சி. கரும்பொருள் துகள் இரண்டு சேர்ந்து நியூட்ரினோவுக்கு எடை கொடுக்கின்றன. தனித்தனியே பார்த்தால் இரண்டின் பங்கும் முடிவிலி; ஒன்றின் பங்கிலிருந்து மற்றதன் பங்கைக் கழித்தால் மிஞ்சுகிற துளிதான் அந்த எடை.

திரையிலோ துளியைக் காணோம். எடை முடிவில்லாமல் ஏறிக்கொண்டே போனது! நேற்றுதான் ஒரு கூட்டல் குறியைக் கழித்தலாகத் திருத்தியிருந்தாள். அப்புறமும் இப்படியா?

நுரை பொங்க ஆற்றிய பால் டீயான தே தாரேக்கை ஹாசிம் வைத்துவிட்டுப் போனார். ஒரு வாய் குடித்தவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆன்டி! இது டீயா, பாயசமா?"

ஹாசிமின் மனைவி ஜுபைதா ஓடி வந்தார். "மூஞ்சி வாடிக் கெடந்துச்சேம்மா. இனிப்புக் கெட்டிப் பால் ஒரு கரண்டி கூடப் போட்டேன்."

"அடியே, நானும் ஒரு கரண்டி போட்டேனே!" என்றார் ஹாசிம்.

"சொல்லக் கூடாதா?"

"நீ சொன்னியா?"

புனிதா சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். தன்னோடு சேர்ந்து கணக்குப் போடுகிற தனேஷைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"தனேஷ், அந்தக் குறியைத் தொட்டியா?"

"ஆமாக்கா. உங்க பகுதியில தப்பா இருந்துச்சு. கடைசியா கூட்டுற எடத்துல நான் மாத்திட்டேன். நீங்க டென்ஷன் ஆவீங்கன்னு சொல்லல லா."

"அடப்பாவி! நானும் மாத்திட்டேன்டா. உன்னச் சங்கடப்படுத்த வேணாம்னு சொல்லல."

இரண்டு பேரும் இரண்டு இடத்தில் திருத்தியதில் கழித்தல் மறுபடி கூட்டலாகிவிட்டது. கழிய வேண்டியது சேர்ந்துகொண்டே போயிருக்கிறது. தனேஷ் அங்கிருந்தே தன் திருத்தத்தை நீக்கினான். கணக்கு மறுபடி ஓடியது. முடிவிலி மறைந்தது; திரையில் துளியூண்டு எடை, அவள் தேடிய அளவிலேயே.

"வந்துருச்சு!" என்று அவள் கத்தியதில், பரோட்டா தட்டுகிறவரின் கை அப்படியே நின்றுவிட்டது.

மூன்று மணிக்குப் பேசினாள். முதல் கேள்வியே முடிவிலி எங்கே போயிற்று என்பதுதான். அதற்கு அவளைவிட நன்றாக யார் பதில் சொல்வார்கள்?

மறு வாரம் அவள் கடைக்குள் நுழையும்போதே ஜுபைதா கேட்டார்: "வேலை?"

"கெடச்சிருச்சு ஆன்டி!"

"அப்ப இனிப்பா ஒரு டீ! யாருங்க பால் ஊத்துறது?"

"நீயே ஊத்து," என்றார் ஹாசிம். "ஊத்திட்டு சத்தமா சொல்லு."

உங்கள் வீட்டிலும் ஒருவருக்கொருவர் அள்ளி ஊற்ற அன்பு வற்றாமல் இருக்கட்டும், கண்ணுங்களா. அதை வாய்விட்டுச் சொல்லும் வழக்கமும் கூடவே குடியிருக்கட்டும். பிள்ளைகுட்டிகளோடு நல்லா இருங்க.