பிஸ்கட் பேணிக்குள் எட்டுத் துண்டுகள்

பந்தயத்தில் 'பேவரிட்' என்றால் மிகக் கெட்டிக்காரக் குதிரை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கூடுதலான ஆட்கள் பணம் கட்டிய குதிரை, அவ்வளவுதான். அது குதிரையைப் பற்றிய செய்தி அல்ல, ஆட்களைப் பற்றிய செய்தி. இதை நான் கொட்டாஞ்சேனையில், புளோறன்ஸ் அக்காவின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

அந்த வீட்டில் நாங்கள் ஏழு பேர் தங்கியிருந்தோம். எல்லோரும் யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்தவர்கள். புளோறன்ஸ் அக்கா விதவை, கத்தோலிக்கர். முன் அறையில் அந்தோனியார் சுரூபத்துக்குக் கீழே தைத்துக்கொண்டிருப்பா; மற்ற நேரம் எங்களுக்குச் சமைப்பா. நான் துறைமுகத்தில் நிறுவைக் கிளார்க். மூட்டைகளைத் தராசில் ஏற்றி இறக்குவதும் எழுதுவதும்தான் வேலை. எந்தப் பொருளைக் கண்டாலும் அது எப்படி நடக்கிறது என்று சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. கிராண்ட்பாஸ் ட்ராம் ஏன் வளைவில் கிறீச்சிடுகிறது, லூசியா கோயில் மணி ஏன் மழைக்காலத்தில் கிட்டக் கேட்கிறது, எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது. அதனால் என் பெயரையே விட்டுவிட்டு 'விளக்கம்' என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஒவ்வொரு ஓகஸ்டிலும் கவர்னர் கப் ஓட்டத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு சின்னப் பந்தயம் நடக்கும். ஆளுக்கு இரண்டு ரூபா. ஒரு கடதாசித் துண்டில் குதிரையின் பெயரையும் தன் பெயரையும் எழுதி மடித்து, காசோடு தகரப் பிஸ்கட் பேணிக்குள் போட வேண்டும். பேணி அந்தோனியாருக்குப் பக்கத்தில் இருக்கும். ஓட்டம் முடிந்த பின்னேரம் அக்கா திறப்பா. வென்ற குதிரையை எழுதியவர்கள் மொத்தக் காசையும் பிரித்துக்கொள்வார்கள். ஒருவரும் எழுதவில்லையென்றால் அவரவர் காசு அவரவருக்கு.

இன்னொரு விதியும் இருந்தது. வென்ற துண்டை மட்டுமே அக்கா சத்தமாக வாசிப்பா. மற்றவை அப்படியே அடுப்புக்குள் போகும். எங்களில் மூத்தவரான சிவபாதசுந்தரம் அண்ணை கொண்டுவந்த விதி இது. ஊரில் கோயில் சபையில் இருந்தவர். ஒரு வருஷம் விடுமுறைக்குப் போனபோது சட்டைப் பையில் கிடந்த துண்டை மனைவி கண்டுவிட்டா. அதற்குப் பிறகு, தோற்றவன் எந்தக் குதிரையை எழுதினான் என்பது அடுப்புக்கு மட்டுமே தெரிய வேண்டும் என்று அண்ணை சொல்லிவிட்டார்.

நான் சொல்லப் போவது முப்பத்தெட்டாம் ஆண்டு நடந்தது. அந்த வருஷம் புளோறன்ஸ் அக்காவும் தான் ஒரு துண்டு போடப் போவதாகச் சொன்னா. எட்டுத் துண்டு.

அண்ணை சிரித்தார். "பேணிக்காரியே பந்தயம் பிடிச்சா அந்தோனியார் என்ன சொல்லுவார்?"

"அவர் ஒண்டும் சொல்லார். அவருக்கும் சேர்த்துத்தானே எழுதப் போறன்," என்றா அக்கா.

அக்காவுக்கு ஆசை வந்ததற்கு நான்தான் காரணம். பல வாரமாக இரவுச் சாப்பாட்டில் பாரம் கட்டுகிற முறையை விளக்கிக்கொண்டிருந்தேன். நல்ல குதிரையும் சாதாரணக் குதிரையும் ஒன்றாக ஓடினால் முடிவு ஓடுமுன்பே தெரிந்துவிடும். அதனால் நல்ல குதிரைக்குக் கூடுதல் பாரம் ஏற்றுவார்கள். சவாரிக்காரனையும் சேணத்தையும் தராசில் நிறுத்து, போதாததற்கு ஈயத் தகடுகளைச் சேணத்துக்குக் கீழுள்ள துணியின் பைகளில் செருகுவார்கள். எல்லாக் குதிரையும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் பாரம் போட்டவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார் என்று பொருள். இதைச் சொல்லும்போது மற்றவர்கள் ரசத்தை ஊற்றிக்கொண்டிருப்பார்கள். அக்கா மட்டும் கரண்டியோடு நின்று கேட்பா.

அந்த வருஷம் எல்லோரும் பேசியது கிரே அட்மிரல் என்ற குதிரையைப் பற்றி. அதற்குப் பாரம் ஒன்பது ஸ்டோன் பத்து றாத்தல்; ஒரு ஸ்டோன் பதினாலு றாத்தல். பட்டியலின் அடியில் வில்லோ லேடி என்ற சின்னப் பெண் குதிரை, ஏழு ஸ்டோன் ஒன்பது. வித்தியாசம் இருபத்தொன்பது றாத்தல். துறைமுகக் கணக்கில் கால் அந்தருக்கு, அதாவது இருபத்தெட்டுக்கு, ஒரு றாத்தல் கூட. இருந்தாலும் அட்மிரல்தான் வெல்லும் என்று திங்கட்கிழமை மேசையில் சொன்னேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அந்தக் குதிரையின் பலத்துக்கு அந்தப் பாரம் போதாது.

புதன்கிழமை முழுவதும் மழை பெய்தது.

வியாழக்கிழமை விடிய முதல் ட்ராமில் பொரளைக்குப் போய், அங்கிருந்து நடந்து, பந்தயத் திடலின் வேலியோரம் நின்றேன். குதிரைகளைக் காலையில் ஓட்டிப் பழக்குவார்கள். அதைப் பார்க்கக் காசு வேண்டாம். கொம்பனித்தெரு ஹுசைன் வில்லோ லேடியை நடத்திக்கொண்டு வந்தான். அவன் அந்த லாயத்தில் குதிரை பார்ப்பவன். தீனி மூட்டைகளை எடுக்கத் துறைமுகத்துக்கு வருவதால் என்னைத் தெரியும். திடலின் அந்தப் பக்கத்து வளைவு சேறாகிவிட்டது என்றான். பிறகு குதிரையின் முன்காலைத் தூக்கிக் குளம்பைக் காட்டினான்.

"கொளம்பப் பாருங்க தொரை. தட்டு மாதிரி ஈக்கிது. சேத்துல இவ மெதந்து போவா. அட்மிரலுக்குக் கொளம்பு கிண்ணம் மாதிரி. பாரமும் ஈக்கிது, குத்தி எறங்கும்."

எனக்கு உடனே விளங்கியது. காய்ந்த தரையில் இருபத்தொன்பது றாத்தல் இருபத்தொன்பதுதான். சேற்றில் ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பாரத்தைப் புதைத்துப் புதைத்து இழுக்க வேண்டும். திங்கட்கிழமை நான் சொன்னது பிழையாகிவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் இரவு மேசையில் இதை எப்படிச் சொல்வது என்று வசனங்களை அடுக்கிக்கொண்டு வந்தேன்.

மருதானையில் ட்ராம் நின்றபோது வேறொரு எண்ணம் வந்தது. நான் சொன்னால் எட்டுப் பேரும் வில்லோ லேடியைத்தான் எழுதுவார்கள். அப்போது வென்றாலும் ஆளுக்கு இரண்டு ரூபாதான் திரும்பி வரும். சொல்லாவிட்டால் பதினாறு ரூபாவும் எனக்கு. புறக்கோட்டையில் ஒரு கடையில் பழைய சைக்கிள் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். ஆனால் சைக்கிளை மட்டும் சொன்னால் அது பொய். எனக்குத் தெரிந்த ஒன்று ஒரே ஒரு தரமாவது எனக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும் என்றும் ஆசைப்பட்டேன். பொய் எதுவும் சொல்லப் போவதில்லையே, பேசாமல் இருக்கப் போகிறேன் என்று மனதைச் சமாதானப்படுத்தினேன்.

அன்றிரவு நான் கடைசியாகச் சாப்பிட்டேன். அக்கா தட்டுக்குப் பக்கத்தில் கடதாசித் துண்டை வைத்துக்கொண்டு யோசித்தா. பிறகு கேட்டா:

"தம்பி, மழை பெய்ததாலே அந்தப் பாரக் கணக்கு மாறாதோ? ஈரத்திலே பாரத்தோட நடக்கிறது கஷ்டம்தானே. நான் தண்ணிக் குடத்தோட ஈர முற்றத்திலே நடக்கிறதை நினைச்சுப் பார்த்தன்."

இத்தனை வருஷத்தில் நான் விளக்கியவற்றிலிருந்து ஒருவர் தானாக அடுத்த படிக்குப் போனது அதுதான் முதல் தரம். எவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:

"இல்லை அக்கா. ரெண்டு நாள் வெயில் எறிச்சாக் காய்ஞ்சிடும். ஒண்டும் மாறாது."

"நீர் சொன்னாச் சரி," என்று அட்மிரலின் பெயரை எழுதினா. எழுத்துக் கூட்டுவதற்கு என்னிடம்தான் கேட்டா. நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை, வீட்டில் ஒருவரும் இல்லாதபோது, வில்லோ லேடி என்று எழுதி, கீழே என் பெயரையும் எழுதிப் பேணிக்குள் போட்டேன். துண்டு பேணியின் அடியில் விழுந்த பிறகுதான் விதி முழுவதும் என் நினைவுக்கு வந்தது. வென்ற துண்டை அக்கா சத்தமாக வாசிப்பா, பெயரோடு. தோற்றால் அடுப்புக்குள் போய்விடும், ஒருவருக்கும் தெரியாது. வென்றால் எட்டுப் பேருக்கும் தெரியும்: இவன் எங்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு வேறொன்றை எழுதினான் என்று. ஒரு பொறி எப்படி வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் சொல்லித் திரிந்தவன் இதைக் கடைசியாகத்தான் கண்டேன். பேணியைத் திறந்து எடுத்துவிடலாம். ஆனால் மூடியைச் சுற்றி அக்கா தையல் நூலால் கட்டி முடிச்சுப் போட்டிருந்தா. மூடியின் நடுவிலிருந்த துளை துண்டும் காசும் போக மட்டுமே போதும்.

வெயிலும் எறிக்கவில்லை. சனிக்கிழமை காலையிலும் தூறியது.

அண்ணையும் நானும் வரதராசாவும் ஓட்டம் பார்க்கப் போனோம். வரதராசா தபால் கந்தோரில் வேலை பார்ப்பவன், எங்களில் இளையவன், என் அறையில் இருப்பவன். மலிவான பக்கத்தில் குடைகளுக்கு நடுவே நின்றோம். அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அட்மிரல் எங்கே, அட்மிரல் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தான். முதல் அரை மைல் அட்மிரல் முன்னால்தான் வந்தது. அந்த நேரத்தில் அந்தக் குதிரை தோற்கக் கூடாது என்று என்னைப்போல் வேண்டிக்கொண்டவன் அந்தத் திடலில் இருந்திருக்க மாட்டான். காசு போகட்டும், சைக்கிள் போகட்டும், அட்மிரல் வெல்லட்டும்.

வளைவு வந்தது. ஹுசைன் சொன்னபடியே நடந்தது. அட்மிரலின் தலை ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கூடுதலாகக் குனிந்தது. சேற்றில் குளம்பு இறங்கி இறங்கி எழுந்தது. அதற்கு வெளிப்பக்கமாக அந்தச் சின்னக் குதிரை, தனக்கும் மழைக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் வந்து, தாண்டி, மூன்று குதிரை நீளத்தில் வென்றது. நான் கணித்தது ஒவ்வொரு படியிலும் சரியாக இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சரியாக வேறு எதையும் கணித்ததில்லை.

"என்ன விளக்கம், முகம் கறுத்துப் போச்சு," என்றார் அண்ணை. "நீர் சொல்லித்தானே நாங்கள் எல்லாரும் கவிண்டம். உம்மை ஒருத்தரும் கோவிக்கேல்லை, வாரும்."

மற்றவர்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்றிருந்தது எனக்கு. தலையிடி, அடுத்த ட்ராமில் போகிறேன் என்றேன். வரதராசா தனியே விடமாட்டேன் என்று என் குடையையும் வாங்கிப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தான். வழியில் கடலை வாங்கித் தந்தான். பிழை விடாத மனிதர் இல்லை என்று ஆறுதல் சொன்னான்.

வீட்டில் மற்ற நாலு பேரும் காத்திருந்தார்கள். அண்ணையும் பின்னாலேயே வந்து சேர்ந்தார். முடிவைக் கேட்டு அக்கா தையலை வைத்துவிட்டு எழும்பினா. பிறகு பேணியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், வழக்கம்போல் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்து, நூலை அறுத்தா. நாங்கள் வாசலில் நின்றோம். ஒவ்வொரு துண்டாக விரித்துப் பார்த்து நெருப்பில் போட்டா. ஒன்று, இரண்டு, மூன்று. தன்னுடையதை விரிக்காமலே போட்டா. ஐந்தாவது துண்டை விரித்ததும் கை நின்றது.

என் எழுத்து பெரிய எழுத்து. வாசலிலிருந்தே எனக்குத் தெரிந்தது.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தா. நீண்ட நேரம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஒரு சாமானைக் கடையில் கையில் எடுத்து, பார்த்து, வேண்டாம் என்று திரும்ப வைக்கும்போது முகம் எப்படியிருக்கும், அப்படி இருந்தது. பிறகு துண்டை மடித்து நெருப்பில் வைத்தா. மிச்சம் மூன்றும் போயின.

"ஒருத்தரும் எழுதேல்லை," என்றா. "அவரவர் காசை வாங்குங்கோ."

எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. எட்டுப் பேரும் ஒன்றாக மூழ்கி ஒன்றாக எழும்பியதில் ஒரு கொண்டாட்டம். அண்ணை என் முதுகில் தட்டி, அடுத்த வருஷம் குதிரையை விட்டு மாட்டு வண்டிச் சவாரிக்கு விளக்கம் சொல்லும் என்றார். அக்கா வரிசையாக ஒவ்வொருவர் கையிலும் இரண்டு ரூபா வைத்துக்கொண்டு வந்தா. என் முறை வந்தது. நான் கையை நீட்டினேன். நீட்டாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

மற்றவர்கள் முன் அறைக்குப் போன பிறகு அடுப்படி வாசலில் நின்றேன். அவ அரிசி களைந்துகொண்டிருந்தா.

"அக்கா, அந்தத் துண்டு..."

"எந்தத் துண்டு? தோத்த துண்டை நாங்கள் வாசிக்கிறேல்லைதானே, தம்பி."

"அது தோற்கேல்லை அக்கா."

கை தண்ணீருக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. "அப்பிடியோ," என்றா. களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டுப் பானையை அடுப்பில் ஏற்றினா. நான் முன் அறைக்கு வந்தேன்.

சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. என் சட்டைக்குப் பொத்தான் விழுந்தால் தைத்துத் தந்தா. வீட்டில் ஒருவருக்கும் அவ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு யாராவது காதில் போட்டிருப்பார்கள். ஒன்று மட்டும் மாறியது. மண்ணெண்ணெய் விளக்கு ஏன் புகைக்கிறது, தபால் முத்திரை ஏன் ஒட்டாமல் போகிறது என்று முன்பு என்னிடம் கேட்பவ, அதற்குப் பிறகு ஒன்றையும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் ஓகஸ்ட் வந்தது. பேணி கீழே இறங்கியது. அக்கா துண்டு போடவில்லை. ஆனால் பேச்சு பந்தயத்துக்கு வந்தபோது, ஒரு குதிரைக்கு ஏன் மற்றதைவிட ஈயம் குறைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று வரதராசாவைக் கேட்டா. அவனுக்குத் தெரியாது. தெரியாதென்று சொல்லக் கூச்சப்பட்டு, கிழட்டுக் குதிரைகளுக்கு இரக்கப்பட்டுப் பாரத்தைக் குறைப்பார்கள் என்று ஏதோ சொன்னான். அக்கா கரண்டியோடு நின்று கவனமாகக் கேட்டா.

அது பிழை. எந்த இடத்தில் பிழை என்று எனக்குத் தெரியும். இரண்டு வசனத்தில் திருத்திவிடலாம். வரதராசாவும் என்னைப் பார்த்தான், சரிதானே என்பதுபோல். அக்கா பார்க்கவில்லை.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.