இரவல் பாவம்

வெண்டல் ஆம்ஸ்டட் ஒரு பாவமும் செய்யாதவர். அதுதான் அவருக்கு வந்த வினை.

முப்பத்துமூன்று வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். போலீஸ்காரர் ஒரு நாள்கூட அவரிடம் வண்டியை ஓரங்கட்டச் சொன்னதில்லை. பீர் வாசனை பட்டாலே மூக்கைச் சுளிப்பார். சின்ன வயதில் பன்னிரண்டு வருஷம் ஒரு வாரம்கூட மட்டம் போடாமல் ஞாயிறு பள்ளிக்குப் போய் வாங்கிய பித்தளைப் பதக்கத்தை, அறுபத்தாறு வயதிலும் கோட்டில் குத்திக்கொண்டு வருவார். இப்படிப்பட்ட மனிதருக்கு ஜெயிலில் போய்ச் சாட்சி சொல்ல ஆசை வந்துவிட்டது.

சாட்சி என்றால் கோர்ட்டில் கூண்டேறிச் சொல்வது இல்லை. நான் இப்படி இப்படிக் கெட்டுக் கிடந்தேன், ஆண்டவர் என்னைத் தூக்கி நிறுத்தினார் என்று நாலு பேர் முன்னால் மனசு திறந்து சொல்வது. அக்டோபர் மாதம் அவருடைய சர்ச் சபையிலிருந்து இருபது பேர் பக்கத்துச் சிறைக்குள் போய் மூன்று நாள் கைதிகளோடு உட்கார்ந்து பேசப் போகிறார்கள். அதற்காக எட்டு சனிக்கிழமை சபைக் கூடத்தில் ஒத்திகை. ஒவ்வொருவரும் பத்து நிமிஷம் பேச வேண்டும். மேஜையில் முட்டை வேகும் நேரம் பார்க்கிற மணி ஒன்று டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருக்கும். கேட்டவர்கள் துண்டுச் சீட்டில் குறை நிறை எழுதித் தருவார்கள். தேறினால் உள்ளே போகலாம். தேறாவிட்டால் வெளியே வேனில் உட்கார்ந்து குக்கி என்கிற பிஸ்கட்டை எண்ண வேண்டியதுதான்.

குக்கி என்றதும் சிரிக்க வேண்டாம். சிறையில் ஆயிரத்து நூறு பேர், ஆளுக்கு ஒரு பொட்டலம், பொட்டலத்துக்குப் பன்னிரண்டு. கடலை கூடாது, க்ரீம் கூடாது, மேலே சர்க்கரைத் தூள் தூவக் கூடாது, எல்லாம் சிறைச்சாலையின் சட்டம். கூடத்தை ஒட்டிய சமையலறையில் பெண்கள் அதைச் சுட்டுக் குவித்துக்கொண்டே இருப்பார்கள், ஒத்திகைக்கு வந்தவர்கள் எண்ணிப் பொட்டலம் கட்டுவார்கள். அதுபோக இரண்டாம் நாள் ஒவ்வொரு கைதிக்கும் இன்னொரு பொட்டலம் கொடுப்பார்கள். அதைத் தின்னக் கூடாது. உனக்கு யாரை மன்னிக்கவே முடியவில்லையோ அவன் கையில் கொண்டுபோய்க் கொடு என்பார்கள்.

இந்தக் குழுவுக்குத் தலைவர் ரஸ்டி கோல்வின். அதே சிறையில் பதினொரு வருஷம் இருந்தவர், இப்போது வீடுகளுக்குக் கூரை போடும் தொழில். ஒரு காலத்தில் அவரை ஜென்ம விரோதியாக நினைத்துப் பல்லை உடைத்தவன் ஒரு நாள் அப்படியொரு பொட்டலத்தோடு அவர் முன்னால் வந்து நின்றானாம். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் ரஸ்டிக்குக் குரல் கம்மிவிடும். மற்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருவர் குடித்துவிட்டு ரயில்வே கேட்டை இடித்தவர், இன்னொருவர் இரண்டு குடும்பம் நடத்தி மாட்டிக்கொண்டவர். அவர்கள் பேசினால் சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுபோகும்.

வெண்டல் பேசினார். தொட்டிலிலிருந்தே சபைக்கு வந்ததைச் சொன்னார். பதக்கத்தைச் சொன்னார். பனிக்காலத்தில் சக்கரம் வழுக்காமல் பேருந்து ஓட்டியதைச் சொன்னார். ஏழு நிமிஷத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது. சீட்டுகள் வந்தன. நல்ல மனிதர் என்று ஒன்று. குரல் தெளிவு என்று ஒன்று. கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன், மன்னிக்கவும் என்று ஒன்று.

ரஸ்டி தோளில் கைபோட்டு ஓரமாகக் கூட்டிப்போனார்.

"பிரதர், தப்பா நினைக்காதீங்க. இதை உள்ள போய்ச் சொன்னா, அப்புறம் உனக்கு ஆண்டவர் எதுக்குய்யான்னு கேட்பானுங்க. உங்களுக்கு மன்னிப்பு எந்த இடத்துல தேவைப்பட்டுச்சு? அது வரவே இல்லையே."

அடுத்த சனிக்கிழமை ஒரே ஒரு வாய்ப்பு, அதிலும் வராவிட்டால் வேன்தான் என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினார்.

வெண்டலுக்கு அவமானமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் மனைவி வெல்மாவிடம், நான் ஏதாவது பாவம் செய்திருக்கிறேனா, யோசித்துச் சொல் என்று கேட்டார். வெல்மாவுக்கு யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது, துக்க வீட்டுக்குச் செய்து வைத்த ஆப்பிள் பை என்கிற பலகாரத்தை முழுசாகத் தின்றுவிட்டுப் பூனையைக் காட்டியது, மாமியார் வந்தால் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். இதெல்லாம் ஒரு பாவமா என்று வெண்டலுக்கு எரிச்சல் வந்தது. ரயில்வே கேட்டை இடித்தவர் பக்கத்தில் ஆப்பிள் பலகாரத்தை வைத்தால் நன்றாகவா இருக்கும்?

அடுத்த சனிக்கிழமை எழுந்து நின்றார். தாளில் எழுதி வைத்திருந்தது பழைய பேருந்துக் கதைதான். முதல் வரியைப் படித்தபோதே முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. வெண்டல் தாளை மடித்தார். வாய் தானாக ஓடியது.

"எனக்குப் பதினேழு வயசு. கஸ் ஹின்னர்க் வீட்டு வைக்கோல் கொட்டகையை எரிச்சது நான்தான்."

கொட்டாவி விட்டவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாற்பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் எரிந்த கொட்டகை அது. ஊரில் வயசான எல்லாருக்கும் தெரியும். யார் செய்தது என்று கடைசிவரை தெரியவில்லை. கஸ் செத்து இருபது வருஷம் ஆகிறது, ஒரு உயிருக்கும் சேதமில்லை. சொந்தக்காரன் இல்லாமல் கிடந்த பாவம், எடுத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அந்த நிமிஷத்தில் வெண்டலுக்குத் தோன்றியது. பிறகென்ன, திருட்டு சிகரெட் வந்தது, சோளக்காட்டுக்குள் விழுந்தடித்து ஓடியது வந்தது, தூக்கம் வராத இரவுகள் வந்தன. பத்து நிமிஷம் முடிந்து மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை. ரஸ்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெண்டலுக்குமே அழுகை வந்துவிட்டது, அவ்வளவு நன்றாகப் பேசினார் மனிதர்.

அப்போது சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு ஆர்லீஸ் ஃபென்ஸ்கி வந்தார். வெண்டலோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த அம்மா. கையெல்லாம் மாவு. அப்படியே வந்து வெண்டலைக் கட்டிக்கொண்டார்.

"டேய் வெண்டல், நீயாடா? நாங்க டுவேன்னு நினைச்சோமேடா."

டுவேன் ஆர்லீஸின் அண்ணன். அலாஸ்காவில் எண்ணெய்க் குழாய் பதிக்கிற வேலைக்கு நல்ல சம்பளம் என்று போனவன் என்றுதான் ஊருக்குத் தெரியும். வீட்டுக்குள் நடந்தது வேறு. அன்றைக்கு அவன் சட்டையில் புகை நாற்றம் அடித்ததாம். அப்பா கேட்டார், நான் இல்லை என்றான். நம்பாமல் வீட்டைவிட்டுத் துரத்திவிட்டார். ஆர்லீஸும் நம்பவில்லை. பொய்க்காரா என்று மூஞ்சிக்கு நேரே சொல்லியனுப்பினார். அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் அட்டை, அதில் வெறும் கையெழுத்து, அவ்வளவுதான். பெற்றவர்கள் சாவுக்குக்கூட அவன் வரவில்லை. இதையெல்லாம் ஆர்லீஸ் வெண்டலின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டே சொல்லி முடித்து, இன்றைக்கே அவனுக்குப் போன் போட்டுக் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் காருக்குப் போய்விட்டார்.

வெண்டல் பின்னாலேயே வாசல் பக்கம் போகப் பார்த்தார். எல்லாரும் வந்து கையைக் குலுக்கினார்கள். தேறிவிட்டீர்கள் பிரதர் என்றார் ரஸ்டி.

சமையலறையிலிருந்து வெல்மாவும் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். வீட்டுக்கு வந்து, தட்டை வைத்து, இறைச்சி ரொட்டியை வெட்டிப் போட்டு, எதிரே உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஏ மனுஷா, அந்தக் கொட்டகை எரிஞ்ச அன்னிக்குப் புதன்கிழமை. சபை விருந்துக்கு எங்க அம்மா சமையல்கட்டுல நீ உட்கார்ந்து மூணு பக்கெட் உருளைக்கிழங்கு உரிச்ச. பக்கத்துல உட்கார்ந்து உரிச்சவ நான்."

வெண்டல் தட்டையே பார்த்தார். நான் உள்ளே போகணும்னு ஆசைப்பட்டேன் வெல்மா என்று முனகினார். அது தெரிகிறது, நாளைக்குப் போய் ஆர்லீஸிடம் சொல்லிவிட்டு வந்து சாப்பிடு என்று வெல்மா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஆர்லீஸ் வரவில்லை. அந்த அம்மா சபைக்கு வராமல் வெண்டல் பார்த்ததே இல்லை. பிரசங்கம் ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. முடிந்ததும் டையைக்கூடத் தளர்த்தாமல் நேரே ஆர்லீஸ் வீட்டுக்கு வண்டியை விட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக வேக வரம்பைத் தாண்டினார்.

சமையலறை முழுக்கக் குக்கி. மேஜையில், ஜன்னல் மேடையில், துணி தேய்க்கிற பலகையில்கூட. ஆர்லீஸ் உட்காரச் சொல்லவில்லை. வெண்டல் நின்றபடியே சொன்னார். கொட்டகைப் பக்கமே போகாததையும், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்ததையும், கொட்டாவியையும் சொன்னார். ஆர்லீஸ் தட்டிலிருந்து ஒவ்வொரு குக்கியாக எடுத்துக் கம்பி வலையில் ஆற வைத்துக்கொண்டே இருந்தார். கடைசிக் குக்கியையும் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"தெரியும். நேத்து சாயங்காலமே தெரியும்."

நடந்தது இதுதான். போனை எடுத்ததும் ஆர்லீஸ், அண்ணா, உன்னை நம்பாமல் போனேனே, உண்மையாகச் செய்தவன் இன்றைக்குச் சபையில் ஒப்புக்கொண்டுவிட்டான், என்னை மன்னித்துவிடு என்று ஒரு பாட்டம் அழுதிருக்கிறார். அப்புறம் டுவேன் யார் அது என்று கேட்டிருக்கிறான். வெண்டல் என்றதும் இருமல் வரும்வரை சிரித்தானாம். அவனுக்கு சிகரெட்டை எந்த முனையில் பற்ற வைப்பது என்றே தெரியாதே என்றானாம். சிரித்து முடித்து, நான்தான் ஆர்லீஸ், செய்தது நான்தான், நீ மன்னிப்புக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை என்று அவனும் அழுதுவிட்டானாம். இரண்டு பேரும் இரண்டு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். நவம்பரில் நன்றி சொல்லும் நாள் விருந்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

வெண்டலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியானால் எல்லாம் நல்லதுக்குத்தான் என்று சிரிப்போடு வாய்வரை வந்துவிட்டது. ஆர்லீஸின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார்.

"சிரிக்காதே. டுவேன் செத்துப் போயிருந்தா? ஒரு தப்பும் பண்ணாதவனைத் துரத்திட்டோம்னு மிச்ச ஆயுசு பூரா நான் அழுதிருப்பேன். உன் பத்து நிமிஷப் பேச்சுக்காக. அதை நினைச்சுப் பார்த்தியாடா நீ?"

நினைத்துப் பார்க்கவே இல்லை. வெண்டல் அந்த இடத்திலேயே ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மன்னிச்சிடு ஆர்லீஸ் என்றார். ஆயிரம் தடவை பாட்டிலும் ஜெபத்திலும் சொன்ன வார்த்தைதான். இன்றைக்குத்தான் அதற்கு ஒரு பதில் வேண்டும் என்று காத்து நின்றார்.

போ வெண்டல், எனக்கு இன்னும் ஆறவில்லை என்று கதவைக் காட்டினார் ஆர்லீஸ்.

அந்த வாரம் வெண்டல் சரியாகச் சாப்பிடவில்லை. பித்தளைப் பதக்கத்தைக் கழற்றி மேஜை இழுப்பறையில் போட்டார். சனிக்கிழமை வந்தது. தேறியாகிவிட்டது, பேச வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் எழுந்து போய் மேஜை முன்னால் நின்றார். முட்டை மணியைத் தானே முடுக்கினார்.

"என் பேர் வெண்டல். போன சனிக்கிழமை இதே இடத்துல நின்னு உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்."

அலங்காரம் எதுவும் இல்லை. சாட்சியில் தோற்றது, பொறாமைப்பட்டது, கொட்டாவி, கொட்டகை, உருளைக்கிழங்கு, ஆர்லீஸ் வீட்டு நாற்காலி. டுவேனைப் பற்றிச் சொல்லும் உரிமை தனக்கில்லை என்பதால் அதை மட்டும் விட்டுவிட்டார். மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை, காத்திருக்கிறேன் என்று சொல்லி நிறுத்தினார். நாலு நிமிஷம்தான் ஆகியிருந்தது. நான் வேனில் குக்கி எண்ணிக்கொள்கிறேன் என்று தன் இடத்துக்குத் திரும்பினார்.

ரஸ்டி முட்டை மணியை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"பதினொரு வருஷம் உள்ள இருந்தவன் நான். செஞ்சதைச் செய்யலைன்னு சொல்றவன் ஆயிரம் பேரைப் பார்த்திருக்கேன். செய்யாததைச் செஞ்சேன்னு சொன்னவரு நீங்க ஒருத்தர்தான் பிரதர். நீங்க கண்டிப்பா உள்ள வரணும். அவனுங்க சிரிப்பானுங்க, அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டுக் கேட்பானுங்க."

கூடம் சிரித்தது. வெல்மாதான் முதலில் சிரித்தார். வெண்டல் சிரிக்கவில்லை, சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே கரண்டிச் சத்தம் இல்லை.

கதவு திறந்தது. ஆர்லீஸ் நேரே வந்து அவர் மடியில் ஒரு பொட்டலத்தைப் போட்டார். எந்தப் பொட்டலம் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை, அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். வெண்டலுக்குக் கண் நிறைந்துவிட்டது. என்ன செய்வது என்று தெரியாமல், வாரக்கணக்கில் செய்த பழக்கம், குக்கியை எண்ணினார். பதினொன்று இருந்தது. மறுபடி எண்ணினார். பதினொன்றுதான்.

நிமிர்ந்து பார்த்தார்.

"ஒண்ணை நான் தின்னுட்டேன். இன்னும் கொஞ்சம் கோபம் பாக்கி இருக்குடா" என்று சொல்லிவிட்டு ஆர்லீஸ் அடுப்பைப் பார்க்கப் போனார்.