ஒரு மெகாபைட்டுக்குள்

பிலவேந்திரனுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? அரியலூர் எடைமேடையில் சுண்ணாம்புக்கல் லாரிகளை நிறுக்கும், டாஸ் சிஸ்டத்தில் ஓடும் கம்ப்யூட்டர் புரோகிராமை சி மொழியில் எழுதியவரே அவர்தான். அது படுத்துக்கொண்டால் அவரைத்தான் தேடி ஓடுவார்கள். இப்போது வேப்பந்தட்டையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் மணிமொழி, வேலைக்குச் சேர்ந்த சூட்டோடு, அதைப் புரொடெக்டட் மோடுக்கு மாற்றிவிட்டாள். இடம் போதாமல் திணறிய புரோகிராமுக்கு இனி கம்ப்யூட்டரின் மெமரி முழுவதும் கிடைக்குமாம். முதலாளி மணிவேல் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தப் பிள்ளையின் புராணம்தான் பாடினார். பிலவேந்திரன் பேர் மறந்தும் அவர் வாயில் வரவில்லை.

ஓட்டிப் பார்ப்பதற்கு முந்தின நாள் அவளே வந்து, மாற்றிய புரோகிராமை ஒரு தடவை பார்த்துத் தரச் சொன்னாள். பார்த்தார். ஒரு வரியில் கண் நின்றது. தராசு அனுப்பும் எடையைப் போட்டுவைக்க malloc போட்டு இடம் வாங்கியிருந்தாள். அது மெமரியில் முதல் மெகாபைட்டைத் தாண்டி மேலே இடம் கொடுத்துவிடும். தராசையும் கம்ப்யூட்டரையும் பேசவைக்கத் தராசோடு வந்த பழைய டிரைவர் புரோகிராமுக்கோ முதல் மெகாபைட்டைத் தாண்டினால் கண் தெரியாது. எடையை வேறெங்கோ எழுதிவிட்டுப் போகும். கீழேயே இடம் வேண்டும் என்று டாஸிடம் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தார். நாளைக்கு முதலாளி முன்னால் முழிக்கட்டுமே என்று தோன்றியது.

“எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு,” என்றார்.

மறுநாள் மேடையில் லாரி ஏறியது. திரையில் பூஜ்யம். அடுத்த லாரிக்கும் பூஜ்யம். மணிவேல் முகம் சுருங்க, பிலவேந்திரனுக்கு அல்வா தின்றது போல இருந்தது. மணிமொழி ஒயரைக் கழற்றி மாட்டினாள், கம்ப்யூட்டரைத் திறந்து தராசு ஒயர் சேரும் கார்டைத் துடைத்தாள், மேடைக்கு அடியில் புகுந்து பார்த்தாள். புரோகிராமை மட்டும் தொடவில்லை. அதைத் திறந்து பார்க்கச் சொல்லி மணிவேல் அதட்டினார்.

“சார் பாத்துட்டாருங்க. அவரு சரின்னா சரிதாங்க.”

பிலவேந்திரனுக்குச் சுருக்கென்றது. வெளியே லாரிகள் ரோடு வரை நின்று ஹார்ன் அடித்தன. பொறுக்க மாட்டாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நேராக அந்த வரிக்குப் போனார், மாற்றினார், கம்பைல் செய்து ஓட்டினார். லாரியின் எடை திரையில் வந்து நின்றது. மணிவேல் அவர் தோளைத் தட்டி, இதுக்குத்தான் பழைய ஆள் வேணுங்கிறது என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். எத்தனை நாள் ஏங்கிய பேச்சு!

மணிமொழி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தேடவே இல்லியே சார் நீங்க,” என்றாள்.

அதற்கப்புறம் அவள் எதையும் அவரிடம் பார்த்துத் தரச் சொன்னதில்லை.