பத்துக்கு ஒன்பது

ஆறு வருடமாக அந்தச் சலவை ஆலையின் காலை ஷிஃப்டை அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைப் பிரித்து, வெளுத்து, ஆவி ரோலரில் கொடுத்துத் தேய்த்து, மடித்து அனுப்புகிற வரை எல்லாம் அவள் தலையில். மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை லீடரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். காகிதத்தில் மட்டும் 'தற்காலிகப் பொறுப்பு' என்று இருந்தது. தற்காலிகம் என்பதற்கு ஆறு வருடம் என்று பொருள் வைத்திருப்பவர்கள் உலகத்திலேயே அந்த ஆலைக்காரர்கள்தான்.

இந்த வருடம் நிரந்தரம் செய்கிறோம் என்றார் மேனேஜர். கூடவே ஒரு கொக்கி போட்டார். ஆலையைப் புதுக் கம்பெனி வாங்கிவிட்டது, பதிவேடுகள் இனி மேலிடத்துக்குப் போகும், அதனால் லீடராக இருப்பவருக்கு உயர்தர ஆங்கிலம் கட்டாயம். சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சியாளரை அமர்த்தியிருக்கிறார்கள்.

வந்தவன் ஒல்லியாக, கழுத்தை இறுக்கிய டையோடு, எப்போது பார்த்தாலும் சிவப்புப் பேனாவும் கையுமாக இருந்தான். 'டிக்ஷனரி' என்று அவனுக்குப் பெயர் வைத்தவள் லீடரம்மாவின் நாத்தனார். அவளும் அங்கேதான், மதிய ஷிஃப்டில் நாலாம் ரோலரில் வேலை. வாய்த் துடுக்குக்காரி. அண்ணி அண்ணி என்று உயிரை விடுவாள், அதே வாயால் அண்ணியின் ஆங்கிலத்தைக் கிண்டலும் அடிப்பாள்.

டிக்ஷனரியின் பாடமுறை எளிது. தினம் பத்துக் கடினச் சொற்கள், மூன்று மரபுத்தொடர்கள். ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவர்களுக்காக எழுதுகிற பதிவேட்டில் அவற்றைப் புகுத்தியாக வேண்டும். அவன் திருத்தி மார்க் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டுவான். மாதச் சராசரி எட்டு வந்தால் நிரந்தரம். வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே சொல்கிற எதுவும் விளையாட்டு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அவளும் விடவில்லை. பீரோ கதவில், கண்ணாடியில், தண்ணீர்க் குடத்தில்கூடச் சொற்களை எழுதி ஒட்டினாள். "குடத்துல எழுதினா குடிச்சா உள்ள போயிடுமா?" என்று கேட்ட புருஷனுக்கு, படித்த புதுச் சொல்லிலேயே ஒரு திட்டு விழுந்தது. நாற்பத்து நாலு வயதில் மண்டையில் ஏறுவது லேசான காரியமா? ஆனாலும் ஏற்றினாள். மூன்றாவது வாரம் ஒருநாள், ஒரு மெஷினின் பெல்ட் அறுந்தது என்று நேராக எழுதிவிட்டாள். பத்துக்கு நாலு. ஓரத்தில் சிவப்பு மையில், மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போலிருக்கிறது என்று குறிப்பு. அதை இருபத்தெட்டு பேர் போர்டில் நின்று படித்தார்கள்.

"'கெட்டுப்போச்சு', 'கூடாது', 'வேணாம்', இதெல்லாம் முரட்டுச் சொல்லுங்க. மேலிடத்துல படிக்கிறவங்க முகம் சுளிப்பாங்க. பூசின மாதிரி சொல்லக் கத்துக்கோங்க," என்று டிக்ஷனரி வகுப்பில் அறிவுரை வேறு.

அடுத்த வாரம் ஒரு முற்பகலில் நாலாம் ரோலரின் சிவப்பு பட்டன் வேலைநிறுத்தம் செய்தது. துணி சுருண்டாலோ கை நெருங்கினாலோ அடித்து நிறுத்துகிற பட்டன் அது. மூன்று தடவை குத்திப் பார்த்தாள். ரோலர் அதுபாட்டுக்குச் சுற்றியது. ஓடிப்போய்ச் சுவரில் இருக்கும் மெயின் ஸ்விட்சை இறக்கித்தான் நிறுத்தினாள். மெக்கானிக்கிடம் சொன்னாள். அவன் சீட்டு எழுதி மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு, உதிரி வர நாலு நாளாகும் என்றான். மெயினை ஏற்றியதும் மற்ற ரோலர்களை ஓட்டி, நாலாவதை மட்டும் அவள் ஆன் செய்யாமல் விட்டாள்.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிகிற நேரம் பதிவேட்டைத் திறந்தாள். அன்று வரைக்குமான சராசரி ஏழு புள்ளி எட்டு. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். 'நாலாம் ரோலர் நிற்காது, ஓட்டாதே' என்று எழுத அரை நிமிடம் போதும். அவள் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு எழுதிய ஆங்கில வரியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'நாலாம் ரோலரின் நிறுத்து வசதி எதிர்பார்ப்புகளுக்கு முழுமையாக ஈடுகொடுக்கும் நிலையில் தற்சமயம் இல்லாமையால், அது தக்க விவேகத்துடன் கையாளப்படுவது உசிதம்.'

டிக்ஷனரி அங்கேயே நின்று படித்தான். ஒன்பது போட்டான். பொய் சொல்வானேன், அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஷிஃப்ட் மாறும் பத்து நிமிடமும் வாசலில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்பது அவன் போட்ட இன்னொரு சட்டம். மீறினால் ஒரு மார்க் போச்சு. அவனே வாசலில் நின்று காது கொடுப்பான். எதிரே நாத்தனார் வந்தாள். லீடரம்மா அன்று காலை படித்த முகமன் ஒன்றை ராகம் போட்டுச் சொன்னாள். நாத்தனாரும் ஏதோ ஒன்றை உளறிவிட்டுக் கண்ணடித்தாள். இருவரும் சிரித்தபடி கடந்துபோனார்கள்.

மூன்றரை மணிக்கு போன் வந்தது.

நாத்தனாரின் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. விரிப்பு சுருண்டிருக்கிறது, இழுத்திருக்கிறாள், கை சேர்ந்து போயிருக்கிறது. இடது கையால் சிவப்பு பட்டனை அடித்துக்கொண்டே இருந்தாளாம். பக்கத்து ரோலர்க்காரி ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை இறக்கியிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு நாத்தனார் படுத்திருந்தாள். அந்தத் தலையணை உறை அவர்கள் ஆலையில் வெளுத்ததாகக்கூட இருக்கலாம். லீடரம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ரிஜிஸ்டரைப் பாக்கலியாடி நீ?"

"பாத்தேன் அண்ணி. ரெண்டு தடவ படிச்சேன். ஏதோ பெருசா எழுதியிருக்கீங்க, ஒன்பது மார்க் வேற. எங்கண்ணி கலக்குறாங்கன்னு கையெழுத்துப் போட்டுட்டு ரோலரை ஆன் பண்ணிட்டேன்."

லீடரம்மா தலையணை உறையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"வாசல்ல என்னை நேருக்கு நேரா பாத்தீங்களே அண்ணி. 'அதைத் தொடாத'ன்னு ஒரு வார்த்தை. அதுக்கு எந்தப் படிப்பும் வேணாமே."

நாத்தனார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். லீடரம்மா அழவில்லை. அழுதால் ஆறிவிடும் என்று பயந்தாள். டிக்ஷனரி மேல் வந்த ஆத்திரத்தைவிட, உச்சி குளிர்ந்து நின்ற தன் மேல் வந்த ஆத்திரம் பெரிதாக இருந்தது.

நாலாம் நாள் மதியம், ஷிஃப்ட் முடிகிற நேரத்தில், மேனேஜர் அறைக்கு அழைப்பு வந்தது. டிக்ஷனரியும் இருந்தான். மேஜையில் இரண்டு காகிதங்கள். ஒன்று அவளை நிரந்தரமாக்கும் ஆணை. இன்னொன்று விசாரணை அறிக்கை, சாட்சியாக அவள் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா. கீழ ஒரு கையெழுத்து," என்றார் மேனேஜர்.

டிக்ஷனரி வருவதற்கு முன்னால் என்றால் போட்டிருப்பாள். இப்போது படித்தாள். அத்தனை கடினச் சொல்லும் அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு சொற்கள் இன்னும் குடத்தில் ஒட்டியிருந்தன. மெழுகியிருந்த அந்தப் பாஷையைச் சுரண்டினால் உள்ளே இருந்தது இதுதான்: பழுது பற்றி எழுத்துமூலம் எச்சரித்தும் ஊழியர் மதிக்கவில்லை, விபத்து அவருடைய சொந்தக் கவனக்குறைவு, எனவே பணிநீக்கம்.

"யாரு எழுதினது இதை?"

"நம்ம சார்தான் பாஷையைச் சரிபண்ணிக் குடுத்தாரு. உங்க என்ட்ரி மட்டும் இல்லேன்னா கம்பெனி மாட்டியிருக்கும்மா. உங்க ஒரு வரிதான் நம்மளைக் காப்பாத்துச்சு."

அவள் காதில் ஆவி அடித்தது போலிருந்தது. பதிவேட்டை இழுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து மேனேஜர் முன்னால் வைத்தாள்.

"படிங்க சார். படிச்சிட்டுச் சொல்லுங்க, ரோலரை ஓட்டலாமா கூடாதா?"

மேனேஜர் படித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு முறை படித்தார். "அதாவது... ஜாக்கிரதையா ஓட்டணும்."

"அவளும் அதைத்தான் பண்ணினா."

"மேடம், நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க," என்று டிக்ஷனரி குறுக்கே வந்தான்.

"நீ வாயை மூடு. பட்டன் வேலை செய்யலைன்னு எழுதினா நீ நாலு போடுவே. அதுக்குப் பயந்து நான் இந்தக் கண்றாவியை எழுதினேன். தப்பு என்னுது. ஆனா எச்சரிக்கைன்னு மட்டும் இதுக்குப் பேர் வைக்காத."

அறிக்கையை எடுத்து, 'எழுத்துமூலம் எச்சரித்தும்' என்ற இடத்தைக் காகிதம் கிழிகிற அழுத்தத்தில் அடித்தாள். அடியில் அவளே ஆங்கிலத்தில் எழுதினாள், ஒரு குழந்தைக்கும் புரிகிற மாதிரி. 'பட்டன் கெட்டிருந்தது எனக்குத் தெரியும். மேனேஜருக்கும் சீட்டு போனது. அவளிடம் நான் சொல்லவில்லை. மார்க்குக்காக வேறு மாதிரி எழுதினேன். அவள் மேல் தப்பில்லை.' கையெழுத்துப் போட்டு, போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டாள்.

மேனேஜர் நிரந்தர ஆணையை மெதுவாக இழுத்து டிராயருக்குள் போட்டார். "யோசிச்சுப் பண்ணுங்கம்மா. நாளைலேருந்து நீங்க மூட்டை பிரிக்கிற இடத்துக்குத்தான் போகணும்."

"போறேன்," என்றாள்.

வெளியே வந்து கூடத்துக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள். நாலாம் ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. மதிய ஷிஃப்டுக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி விரிப்பை நீவி நீவி உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தாள். லீடரம்மா போய்ச் சிவப்பு பட்டனை அடித்தாள். ரோலர் நிற்கவில்லை. இன்னொரு முறை அடித்தாள். நிற்கவில்லை. விரல் போன இடத்தில் ரத்தத்தைத் துடைத்துவிட்டு நாலே நாளில் அடுத்த கையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

அவள் நேரே சுவரண்டை போய் மெயின் ஸ்விட்சை இறக்கினாள். வரிசையாக எட்டு ரோலரும் நின்றன. டிக்ஷனரியும் மேனேஜரும் அறை வாசலுக்கு வந்து பார்த்தார்கள். ஷிஃப்ட் முடிந்து போகிறவர்களும் வருகிறவர்களுமாக வாசலில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"நாலாம் ரோலர் கெட்டுப்போச்சு," என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள். "யாரும் தொடாதீங்க."